டிராஸ்டாப் என்னும் சொல்லின் வயது

ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, கண்களை மூடிக்கொண்டு, இரண்டு பிரஸ் எந்திரங்களுக்கு நடுவில் ஹெப்சிபா நின்றிருந்தாள். அந்தக் கை உயர்ந்திருக்கும் வரை யாரும் பேசக் கூடாது, நடக்கவும் கூடாது. ஏணியின் நான்காவது படியில் பைப் ஃபிட்டர் துலுக்காணம் இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். நான் அட்டையில் செருகிய தாளோடு கீழே காத்திருந்தேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் எங்கள் ஆலையில் பதினைந்து நிமிடம் எந்திரங்கள் ஓயும். காற்று மட்டும் ஓயாது. கம்ப்ரெசர் அறையிலிருந்து வரும் அழுத்தக் காற்று குழாய்களில் நிறைந்து நிற்கும். எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே சீறிக் கசியும். பிரஸ் அடிக்கும்போது கேட்காத அந்தச் சீறல் இந்தப் பதினைந்து நிமிடத்தில் கேட்கும். கேட்கும் இடத்தை நான் எழுதிக்கொள்ள வேண்டும், துலுக்காணம் அடைக்க வேண்டும்.

கை இறங்கியது.

"மேல ஒண்ணு, துலுக்காணம் அண்ணே, உங்க தலைக்கு வலது பக்கம். அது ஜி சுரம். கீழ அந்த மூணாவது வால்வுகிட்ட இன்னொண்ணு, அது டி," என்றாள் ஹெப்சிபா. "ரெண்டும் சேந்து கேக்க நல்லாத்தான் இருக்கு. அடைக்க மனசே வரல."

"அப்ப வுட்ருலாமா?" என்றார் துலுக்காணம். "மேனேஜர் கேட்டா கச்சேரி நடக்குதுனு சொல்லிக்கலாம்."

"ஏணி ஆடுது, இறங்கி வாங்க."

"ஏணி எங்கம்மா ஆடுது? நான் சிரிக்கிறேன். வரது, நீ இன்னா எழுதிக்கினியா, இல்ல பாத்துக்கினே நிக்கறியா?"

எழுதிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆண்டு போடாத வாரம்

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். எதை எழுதினாலும் தேதியோடு எழுதுவேன். போன வாரம் சேரப்பணஞ்சேரி வழியாகப் பேருந்து வந்த கதையை எழுதியதற்குப் படப்பையிலிருந்து ஒரு வாசகர், நான் சொன்ன தேதிக்குப் பல மாதங்கள் முன்பே அந்தப் பேருந்து ஓடியது என்றும், அதில் ஏறித்தான் தாம் பெண் பார்க்கப் போனதாகவும் எழுதியிருக்கிறார். பழைய டைரிகளைப் புரட்டினேன். அவர் சொல்வதே சரி.

இந்த வாரம் மட்டும் ஆண்டு எதுவும் போடப்போவதில்லை. காரணம் படித்துக்கொண்டு போகும்போது தெரிந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலை அப்போது எதிரெதிரே இரண்டு லாரிகள் வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய அகலத்தில் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் செல்போன் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு ஆறு பேராக வாடகைக்கு இருந்தார்கள். காலையில் அவர்கள் போட்ட டால்கம் பவுடர் வாசனை கம்பெனி பஸ் முழுவதும் நிறைந்திருக்கும்.

எங்கள் ஆலையில் கார்களுக்குக் கதவுத் தகடு அடித்தோம். நான் ஆவணப் பிரிவில் இருந்தேன். தரச் சான்றிதழ் வாங்குவதற்காக, எந்த வேலையை யார், எப்போது, எப்படிச் செய்தார் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டியிருந்த காலம் அது. எழுதாத வேலை நடக்காத வேலை என்பார் எங்கள் மேலாளர். எனக்கென்றே யாரோ உண்டாக்கிய வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

வீடு ஸ்ரீபெரும்புதூரில். கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் குடும்பம் எங்களுடையது. அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக அதைச் செய்துவந்தார். பூ நனைந்த வாழைநாரின் வாசனையில்தான் நான் புத்தகங்கள் படித்தேன். அகராதிகளையும் அப்படித்தான் படித்தேன், கதைப் புத்தகம் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து.

காது கேட்ட வேலை

ஹெப்சிபா திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். டிப்ளமா முடித்துவிட்டு ஓராண்டு அப்ரண்டிஸாக வந்திருந்தாள். பராமரிப்புப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். சூபர்வைசருக்கு அவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ரெஜிஸ்டர் எழுதச் சொல்லி ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்.

ஒரு நாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவள் என் மேசைக்கு வந்தாள். "சார், அந்த ரெண்டாவது பிரஸ் வரிசைல ஒரு குழாய் நேத்து ஏ-ல பாடிட்டு இருந்துச்சு. இன்னிக்கு பி-ஃபிளாட்டுக்கு ஏறிருச்சு. யார்ட்ட சொல்லணும்?" என்றாள்.

அவை மேற்கத்திய இசைச் சுரங்களின் பெயர்கள் என்பதுகூட எனக்கு அப்போது விளங்கவில்லை. துலுக்காணத்தைக் கூப்பிட்டோம். அவர் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். அவள் காட்டிய இடத்தில் நுரை குமிழியிட்டது.

"இது காதா, இன்னாமா இது!" என்றார் துலுக்காணம். அன்று முதல் மூவரும் சேர்ந்து காற்றுக் கசிவு தேடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் நான் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகக் காத்திருந்தேன்.

அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேண்டீனில் கேட்டேன்.

அவளுடைய அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில், மிஷன் காலத்துப் பெரிய கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். தெற்கில் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வார்கள். அங்கே இருந்தது மின்சாரத்தில் இயங்கும் பெட்டி இல்லை. சுவரை அடைத்து நிற்கும் உலோகக் குழாய்களும் மரக் குழாய்களும், கீழே காற்றுப் பெட்டியும் கொண்ட பைப் ஆர்கன். வாசிப்பவரின் இரு பக்கமும் வரிசையாக மரக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழின் முகத்திலும் ஒரு பெயர்: ஓபன் டயபேசன், டல்சியானா, ஃபுளூட். ஒரு குமிழை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்களுக்குக் காற்று போகும். உள்ளே தள்ளினால் அந்த வரிசை வாய் மூடிக்கொள்ளும்.

"அதுக்குப் பேரு டிராஸ்டாப். டிரான்னா இழுக்கிறது. ஸ்டாப்னா நிறுத்துறது," என்றாள். "இழுத்தா சத்தம் நிக்கணும்லா? ஆனா இழுத்தாத்தான் சத்தமே வருது. எங்க அப்பா நாப்பது வருஷமா வாசிக்காங்க. அவங்களுக்கே ஏன்னு தெரியாது. நீங்க அகராதியா படிக்கீங்களே, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அப்போது ஐப்பசி மழை கேண்டீன் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

நார் அடைத்த கதை

சென்னையில் ஒரு பழைய நூலகத்தில் பல தொகுதிகள் கொண்ட பெரிய ஆங்கில அகராதி உண்டு. ஒரு சொல் முதன்முதலில் எந்த ஆண்டு அச்சில் தலைகாட்டியது, அடுத்து எப்போது, எந்தப் பொருளில் என்று மேற்கோள்களோடு வரிசையாகச் சொல்லும் அகராதி. அதன் முன் உட்காரும்போது எனக்குக் கருவறைக்கு முன் நிற்பதுபோல இருக்கும். வார விடுமுறைகளில் பஸ் பிடித்துப் போனேன்.

முதலில் எஸ் எழுத்துத் தொகுதியில் ஸ்டாப்பைப் பார்த்தேன். ஆர்கன் பற்றிய வேறு புத்தகங்களையும் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் பிடிபட்டது.

ஆதியில் ஆர்கன்களில் குமிழே கிடையாது. ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய எல்லா வரிசைக் குழாய்களும் சேர்ந்து அலறும். சன்னமாக வாசிப்பது என்பதே இல்லை. பிறகு யாரோ சில வரிசைகளை அடக்கி வைக்க ஆசைப்பட்டார்கள். குழாய்களின் காலடியில் ஓட்டைகள் போட்ட மரப் பட்டை ஒன்றைச் செருகினார்கள். பட்டையை நகர்த்தி, ஓட்டை ஓட்டையோடு பொருந்தாமல் செய்துவிட்டால் காற்று நின்றுவிடும். காற்றை நிறுத்துவதால் அந்தச் சாதனத்துக்கு ஸ்டாப் என்று பெயர் வந்தது. நாளாக ஆக, அந்தச் சாதனம் எதை அடக்கியதோ அந்தக் குழாய் வரிசைக்கே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டையைக் கையால் இழுக்க வைத்த குமிழுக்கு முன்னால் டிரா சேர்ந்தது. இதில் அறிஞர்களுக்குள் சில்லறைக் கருத்து வேறுபாடுகள் உண்டு. பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

ஸ்டாப் என்ற சொல்லின் வேர் இன்னும் பின்னால் போகிறது. லத்தீனில் ஸ்டுப்பா என்றால் சணல்போன்ற முரட்டு நார். அந்த நாரைத் திணித்து ஓட்டையை அடைப்பதிலிருந்து வந்த வினைச்சொல்தான் பல மொழிகள் வழியாக நடந்து ஸ்டாப் ஆகியிருக்கிறது.

இதை நான் படித்துவிட்டு வந்த மறுநாள், துலுக்காணம் குழாயின் மரையில் சணலைச் சுற்றி வெள்ளைப் பசை தடவிக்கொண்டிருந்தார். காற்று கசியாமல் இருக்க அதுதான் அவர் வழி. நான் ஹெப்சிபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுதான். இதே வேலை. இதிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது," என்றேன்.

அவள் சணலில் ஒரு இழையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள். "இத எங்க அப்பா கேட்டா எந்திரிச்சு நின்னுருவாங்க," என்றாள்.

"நான் இன்னா கண்டேன், என் பாட்டுக்கு சணல் சுத்திக்கினு கீறேன்," என்றார் துலுக்காணம். "லத்தீனு வரைக்கும் போவுதா இது? அப்ப இன்க்ரிமென்ட் கேக்கலாம்ல?"

அம்மா கேட்ட ஒரே கேள்வி

தை மாதத்தில் ஒரு நாள், கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது அவள் நேராகவே பேசினாள்.

"ஈஸ்டரோட எனக்கு அப்ரண்டிஸ் முடியுது. அப்புறம் ஊருக்குப் போனா திரும்ப விடமாட்டாங்க. உங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். என் மனசுல இருக்கது உங்களுக்கும் தெரியும். அப்படித்தான?"

"ஆமாம்."

"அப்போ எங்க அப்பாவைப் பாக்க வாங்க. அப்பா இந்த ஈஸ்டரோட வாசிப்ப நிறுத்துதாங்க. விரல் சொல்லுதத கேக்க மாட்டேங்கு. உங்களப் பத்தி எங்க வீட்டுல சொல்லிட்டேன். அப்பா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள், ஈஸ்டர் ஆராதனைக்கு வரச் சொல்லு, வாசிச்சு முடிச்சதும் அந்த டிராஸ்டாப் கதையச் சொல்லட்டும், அப்புறம் மத்தது பேசுவோம்னாங்க. அந்தக் கதைதான் உங்களுக்கு வாசல். பாத்துக்கிடுங்க."

நான் என் வீட்டில் சொன்னேன். அம்மா அன்று கட்டிய மாலையில் மருக்கொழுந்து ஒரு பக்கம் கூடிப்போனது. மறுநாள் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா, அந்தப் பொண்ணு தலையில பூ வெச்சிக்குமா?"

நான் அதை ஹெப்சிபாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வச்சுக்கிடுவேன்னு சொல்லுங்க. எங்க கோயில்ல அதெல்லாம் வேண்டாம்னு சொல்லமாட்டாங்க. உங்க அம்மா கட்டுனதுன்னா ரெண்டு முழமா வச்சுக்கிடுவேன்," என்றாள்.

ஆக, எந்தப் பக்கமும் தடை இல்லை. நான் ரயில் ஏறிப் போக வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

டி எழுத்துத் தொகுதி

ஒரு குறை மட்டும் இருந்தது. ஸ்டாப்பின் வயது கிடைத்துவிட்டது. டிராஸ்டாப் என்று சேர்த்து எழுதிய கூட்டுச்சொல் எந்த ஆண்டு முதலில் அச்சேறியது என்பது தெரியவில்லை. அது டி எழுத்துத் தொகுதியில் இருக்கும். அந்தத் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருந்தது.

"எப்ப வரும் சார்?" என்று நூலகரிடம் கேட்டேன்.

"பைண்டர் குடுத்தா வரும். அடுத்த வாரம் பாருங்க."

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாசி போனது, பங்குனி வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை செங்கல்பட்டிலிருந்து கிளம்ப ரயிலில் இடம் எடுத்து வைத்திருந்தேன். புதன்கிழமை ஹெப்சிபா ஊருக்குப் போனாள். அதே புதன்கிழமை நூலகத்துக்கு ஒரு நடை போனபோது நூலகர் சொன்னார்: "சனிக்கிழமை காலைல வந்துடும். பைண்டர் நிச்சயமா சொல்லிட்டான்."

மறுநாள் நான் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

இன்று எழுதும்போது கை கூசுகிறது. அன்று அது எனக்குப் பெரிய தவறாகத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு கருவியோடு வாழ்ந்த மனிதர் முன்னால், ஆண்டு இல்லாத ஒரு சொற்கதையைக் கொண்டுபோய் வைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைத்தேன். எழுதாத வேலை நடக்காத வேலை என்றால், தேதி இல்லாத வரலாறு எனக்கு வெறும் பேச்சு.

துலுக்காணத்திடம் மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஏம்பா, பொண்ணு கேக்கப் போறதுக்கு புக்கு எதுக்கு? ரெண்டு சீப்பு வாயப்பயம், ஒரு கிலோ ஸ்வீட்டு, நல்லதா ஒரு சட்டை. அவ்ளோதான்பா. அவுரு இன்னா உன்ன பரீச்சையா வெக்கப் போறாரு?"

"அரைகுறையா போகக் கூடாதுண்ணே."

"போவாம இருக்கறது முழுசா?" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பூத்

வெள்ளிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்ட் அருகே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள் வீட்டுக்குப் பேசினேன். மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரே வெக்கை. மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. அவளே எடுத்தாள்.

"ரயில்ல இல்லியா நீங்க? இந்நேரம் இறங்கியிருக்கணுமே. நான் வாசல்லயே நிக்கேன்."

"ஹெப்சி, ஒரு வாரம் தள்ளி வரேன். அந்தத் தொகுதி நாளைக்குத்தான் வருது. வருஷம் கிடைக்கலை."

கோயிலில் பெரிய வெள்ளி ஆராதனைக்கு யாரோ ஆர்கன் வாசித்துப் பழகுவது போனில் தூரத்தில் கேட்டது. அவள் அப்பாவாக இருக்கும்.

"எந்த வருஷம்?" என்றாள்.

"அந்தச் சொல் முதல்ல அச்சுல வந்த வருஷம்."

"எங்க அப்பா உங்ககிட்ட வருஷம் கேட்டாங்களா?"

"கேக்கலை. ஆனா அது இல்லாம கொண்டு வந்தா மரியாதையா இருக்காது."

"நீங்க அப்பாவுக்கு மரியாதை செய்யுதீங்க. சரி. எனக்கு?"

மீட்டர் ஓடியது.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பாத்திருவீங்கள்லா? சாயங்காலம் ரயில் ஏறுனாக்கூட ஈஸ்டர் அன்னிக்குக் காலைல வந்திரலாம். டிக்கெட் இல்லன்னா நின்னுக்கிட்டு வாங்க. எத்தனை பேரு நின்னுக்கிட்டு வாராங்க."

"பாக்கறேன்," என்றேன்.

சனிக்கிழமை காலை நூலகம் திறக்கும்போது வாசலில் இருந்தேன். தொகுதி வந்திருந்தது. புதுத் துணி அட்டை, பசை காயாத வாசனை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. தேடி எடுத்தேன். இருந்தது. ஆண்டோடு, மேற்கோளோடு இருந்தது. அந்த ஆண்டை மூன்று முறை சரிபார்த்து எழுதிக்கொண்டேன். வெளியே வந்தபோது சாலையில் போகிற எல்லோரிடமும் அதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

மதியம் ஆகியிருக்கவில்லை. நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறினேன். குறிப்புகளெல்லாம் அடித்தல் திருத்தலோடு இருந்தன. அவற்றை நல்ல தாளில், நல்ல கையெழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போகலாம் என்று முடிவு செய்தேன். அன்று இரவும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது.

பதினோரு பக்கம்

ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமை, பயிற்சிச் சான்றிதழ் வாங்க ஹெப்சிபா ஆலைக்கு வந்தாள். ஷிஃப்ட் மாறும் நேரம். எந்திரங்கள் ஓய்ந்திருந்தன. நான் பக்கங்களை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன்.

"கிடைச்சிட்டுதா?" என்றாள்.

"கிடைச்சிட்டுது. இந்த வாரமே கிளம்பறேன். அப்பாகிட்ட..."

"வேண்டாம்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "அப்பா கேட்டாங்க, இன்னொரு தடவை வரச் சொல்லட்டுமான்னு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். நாளைக்கு நமக்குக் கல்யாணமாகி பிள்ளை பொறக்கும். நீங்க அதுக்கு நாள் நட்சத்திரமெல்லாம் துல்லியமா எழுதி வப்பீங்க. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டீங்க."

நான் உறையை நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பிரிக்காமல் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருப்பீங்க. தெரியும். நீங்களே வச்சுக்கிடுங்க."

போகும்போது துலுக்காணத்திடம் நின்றாள். "அண்ணே, கம்ப்ரெசர் பக்கம் ஒண்ணு புதுசா கசியுது. பாத்துக்கிடுங்க," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பிறகும் நாங்கள் இருவரும் கசிவு தேடினோம். எனக்குச் சீறல் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. ஒவ்வொரு இணைப்பாகச் சோப்பு நுரை தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. துலுக்காணம் சில நாள் ஏணியில் ஏறி, பழக்கத்தில் வலது பக்கம் திரும்பி, "இன்னாமா, இது இன்னா பாட்டு?" என்பார். பிறகு இறங்கிவிடுவார். எந்திரங்கள் ஓயும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் வேறு வேலை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சை எடுக்கவிடவில்லை. அம்மாவும் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்.

மேசைமேல் ஒரு புத்தகம்

சில ஆண்டுகள் கழிந்தன. ஒரகடம் சாலையை அகலப்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஆலையில் வேலை பார்த்த ஒரு பையனின் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போனேன். மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் அவள் ஊருக்குப் பஸ் ஏறினேன். பையில் அந்த உறை இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. அவள் அப்பாதான் கதவைத் திறந்தார். மெலிந்த, உயரமான மனிதர். விரல்கள் லேசாக நடுங்கின. நான் பெயரைச் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர் என்றேன்.

"உள்ள வாங்க, தம்பி," என்றார்.

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். ஹெப்சிபா கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் குவைத்தில் இருக்கிறாள் என்று நான் கேட்காமலே அவர் சொன்னார். பிறகு கையை நீட்டினார். உறையைக் கொடுத்தேன்.

பதினோரு பக்கத்தையும் அவர் நிதானமாகப் படித்தார். சணல் வரும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார். கடைசிப் பக்கத்தில் ஆண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து அலமாரிக்குப் போனார். அட்டை செல்லரித்த ஒரு பழைய ஆர்கன் பாடப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். அவருடைய தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரப் போதகர் கொடுத்ததாம்.

முதலில் தலைப்புப் பக்கத்தைக் காட்டினார். அச்சான ஆண்டு அதில் இருந்தது. பிறகு உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். விரல் நடுங்கியது. ஆனாலும் சொல் தெளிவாகத் தெரிந்தது. டிராஸ்டாப்.

நான் பைண்டருக்காகக் காத்திருந்து கண்டுபிடித்த ஆண்டைவிட அது மூத்தது.

அகராதிக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்ததில் பழையதைத்தான் போட முடியும். இந்தப் புத்தகம் அவர்கள் கண்ணில் படவில்லை. நான் கண்டுபிடித்த ஆண்டை இங்கே எழுதாததற்குக் காரணம் அது தவறு என்பதுதான். சரியான ஆண்டு, நான் போகாத வீட்டின் அலமாரியில் இருந்தது.

"எனக்குக் கதை தெரியாது. ஆனா புஸ்தகம் இருந்துச்சு," என்றார் அவர். "நீங்க அகராதிப் பிரியர்னு அவ சொன்னதும், இதையும் காட்டலாம்னு அந்த ஈஸ்டருக்கு எடுத்து மேசைமேல வச்சேன். ஆராதனை முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேருமா உக்காந்து பாக்கலாம்னு."

"நான்தான் வர முடியலைன்னு முன்னாடியே போன் பண்ணியிருந்தேன்," என்றேன்.

அவர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். "போன் பண்ணினீங்களா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"அவ எங்ககிட்ட சொல்லலியே, தம்பி. ரயில் லேட்டா இருக்கும்ப்பா, வந்திருவாங்கப்பான்னு மூணு மணி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்தா. அதுவரைக்கும் நாங்க யாரும் சாப்பிட உக்காரல."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது என் டைரியில் இருக்கிறது. ஊர் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் ஓர் எழுத்து பிசகிவிட்டது. அடித்துத் திருத்த மனம் வராமல், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.